கொசுறு படுக்கும் இடம்

ஒரு நாய் போதும் என்றுதான் பஸ் ஓட்டுநரும் அவர் மனைவியும் போனார்கள். திரும்பி வரும்போது இரண்டு இருந்தன.

முடி திருத்தும் கடையை மூடிவிட்டுத் தங்கையோடு போய் இருக்கத் தீர்மானித்திருந்த ஓர் அம்மாள் வளர்த்த நாய்கள் அவை. தங்கை வீட்டில் நாய்க்கு இடமில்லை. "பெரியவனை மட்டும் எடுத்துக்கிறோம்" என்று பஸ் ஓட்டுநர் சொன்னதும், அந்த அம்மாள் சின்னதையும் தூக்கி அவர் மனைவியின் மடியில் வைத்துவிட்டார்.

"இவன் சாப்பிட்டாத்தான் இவ சாப்பிடுவா. பிரிச்சா ரெண்டும் இளைச்சுப் போயிடும். இவளைக் கொசுறுன்னு நினைச்சுக்கோங்க."

பெரியதன் பெயர் பீப்பாய். பெரியது என்று பேர்தானே தவிர, முழங்கால் உயரம்கூட இல்லை. வயிறு மட்டும் பெயருக்குக் குறை வைக்கவில்லை. சின்னதற்கும் முன்பு ஏதோ ஒரு பெயர் இருந்தது. வீடு வந்து சேர்வதற்குள் அது கொசுறு ஆகிவிட்டது. நீளமான முதுகு, குட்டைக் கால்கள், வேறு ஏதோ நாய்க்குத் தைத்ததை மாற்றி ஒட்டியதுபோல இரண்டு பெரிய காதுகள்.

வீடு மூன்றாவது மாடியில். ஒரு கூடம், ஒரு படுக்கையறை, மகள் விடுதிக்குப் படிக்கப் போனதிலிருந்து துணி காயப்போடும் இடமாகிவிட்ட ஒரு சின்ன அறை. ஓட்டுநருக்கு முதல் வண்டி. விடியற்காலை நாலே காலுக்கு வீட்டைவிட்டுக் கிளம்பி மதியம் பன்னிரண்டரைக்குத் திரும்புவார். அவர் மனைவிக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கும் வேலை. குடியிருப்பில் எல்லோரும் அவரைக் கண்ணாடியம்மா என்றே கூப்பிட்டார்கள். காலை எட்டரைக்குப் போனால் மாலை ஆறுக்குத்தான் வருவார்.

நாய்கள் வந்த அன்றே ஓட்டுநர் ஒரு நிபந்தனை போட்டார். "கட்டில்ல நாய் ஏறக்கூடாது. இதுல பேச்சே கிடையாது. எனக்குத் தூக்கம் கெட்டா வண்டியில இருக்கற அறுபது பேருக்கும் ஆபத்து."

"நானும் அதைத்தான் நினைச்சேன்" என்றார் கண்ணாடியம்மா.

சொன்னதோடு நிற்கவில்லை. நாய் டாக்டரம்மாவிடம் போய், கூண்டுப் பழக்கம் எப்படி வைப்பது என்று கேட்டு வந்தார். கூண்டைத் தண்டனையாகக் காட்டக்கூடாது, உள்ளேயே சாப்பாடு வைக்க வேண்டும், முதலில் பத்து நிமிடம், பிறகு அரைமணி, அதன் பிறகுதான் நீண்ட நேரம். பகலில் ஒரே மூச்சாக நாலு மணி நேரத்துக்கு மேல் அடைக்கக்கூடாது. இவ்வளவையும் அட்டவணையாக எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினார். முதல் இரண்டு வாரம் விடுப்பு எடுத்து நிமிடக் கணக்காக நேரத்தைக் கூட்டினார். மூன்றாவது வாரம் வேலைக்குப் போனபோது, காலை எட்டரையிலிருந்து கூண்டு. மதியம் ஓட்டுநர் வந்து திறந்துவிடுவார். மாலை முழுக்க இரண்டும் வெளியே. இரவு எட்டரைக்கு மறுபடி கூண்டு. மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைப் பார்த்துப் பார்த்துத் தேய்க்கிறவருக்கு, அட்டவணையில் ஐந்து நிமிடம் பிசகினாலும் பொறுக்காது.

பீப்பாய்க்கு இந்தப் பாடமே தேவைப்படவில்லை. கூண்டைப் பார்த்தது, உள்ளே போனது, மூன்று சுற்று சுற்றிப் படுத்தது, குறட்டை விட்டது. இத்தனை நாள் இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன் என்பது மாதிரி.

கொசுறு அழுதது. குரைக்கக்கூட இல்லை. மூக்கின் வழியாக, நூல் இழுப்பதுபோல மெலிதாக ஓர் அழுகை. நிற்கும், நின்றுவிட்டது என்று நம்பிக் கண்ணை மூடினால் மறுபடி தொடங்கும். கண்ணாடியம்மா கூண்டைக் கூடத்திலிருந்து படுக்கையறைக்கு மாற்றினார். மேலே போர்வையால் மூடிப் பார்த்தார். தன் பழைய நைட்டியை உள்ளே விரித்தார். கடைசியில் தரையில் உட்கார்ந்து கம்பிக்குள் ஒரு விரலை விட்டுக்கொண்டே இருப்பார். கொசுறு அந்த விரலில் மூக்கை வைத்துத் தூங்கும். விரலை எடுத்தால் விழித்துக்கொள்ளும்.

விடுப்பில் இருந்த இரண்டு வாரமும் நன்றாகத் தேறிக்கொண்டு வந்த நாய், அவர் வேலைக்குப் போகத் தொடங்கியதும் ஏன் இப்படிப் பின்னோக்கிப் போகிறது என்று அவருக்கு விளங்கவில்லை.

அவருக்குத் தெரியாத ஒன்று இருந்தது.

நாய்கள் வருவதற்கு இரண்டு மாதம் முன்பு, ஓட்டுநரின் பஸ்ஸுக்குக் குறுக்கே ஒரு சைக்கிள்காரர் பாய்ந்தார். ஓட்டுநர் பிரேக்கை அழுத்தினார். சைக்கிள்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார். பஸ்ஸில் நின்றுகொண்டு வந்த ஒரு பெண் தடுமாறி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். விசாரணை நடந்தது. ஓட்டுநர் மேல் தவறில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தாளை மனைவியிடம் காட்டிவிட்டு, "முடிஞ்சுது" என்றார். முடியவில்லை. அன்றிலிருந்து கண்ணை மூடித் தூக்கம் வரும் அந்த நொடியில் வலது கால் தானாகப் போய் மெத்தையை அழுத்தும். உடம்பு தூக்கிப்போடும். பிறகு எங்கே தூங்க? இரவில் இரண்டு மணி நேரம், அதிகம் போனால் மூன்று.

கண்ணாடியம்மா வேலைக்குத் திரும்பிய வாரத்தில் ஒரு மதியம், கூண்டுகளைத் திறந்துவிட்டு அவர் கட்டிலில் சாய்ந்தார். கொசுறு கட்டிலுக்குக் கீழே வந்து நின்று அண்ணாந்து பார்த்தது. 'அஞ்சே நிமிஷம்' என்று நினைத்துத் தூக்கி மேலே விட்டார். அது அவர் வயிற்றோடு தன் முதுகை ஒட்டி வைத்துப் படுத்தது. அவர் கண் விழித்தபோது இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. கால் எதையும் அழுத்தியதாக நினைவில்லை.

மறுநாளும் தூக்கிவிட்டார். அதற்கும் மறுநாள். மாலை ஐந்தரைக்கு எழுந்து, ஈரக் கையால் விரிப்பில் இருக்கும் முடியை வழித்தெடுத்து ஜன்னல் வழியே போடுவார். இரவு கொசுறு அழும்போது, எதனால் அழுகிறது என்று அவருக்கு மட்டும் தெரியும். மதியம் வயிற்றுச்சூட்டில் படுத்த நாய் இரவில் கம்பிக்குள் எப்படித் தூங்கும்? தேள் கொட்டிய திருடன் மாதிரி வாயைத் திறக்காமல் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார்.

ஆறாவது வாரம் கண்ணாடியம்மா கடையில் ஒரு தவறு செய்தார். நூற்றுப் பத்து டிகிரி கோணத்தில் வைக்க வேண்டிய லென்ஸை நூறில் வைத்துத் தேய்த்துவிட்டார். கண்ணாடி போட்டுக்கொண்டு போனவர், மாடிப்படி சாய்வாகத் தெரிகிறது என்று அன்றே திரும்பி வந்தார். பதினெட்டு வருடத்தில் இப்படி நடந்ததில்லை. முதலாளி திட்டவில்லை, "உடம்பு சரியில்லையாம்மா?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் தேவலை.

வீட்டுக்கு வந்து கைப்பையைக்கூட இறக்காமல் சொன்னார். "பொண்ணை வளர்த்தேன். அவ மூணு மாசத்துல ராத்திரி முழுக்கத் தூங்குனா. இந்த ஒரு சாண் நாயைத் தூங்க வைக்க எனக்குத் துப்பில்ல."

ஓட்டுநர் வாயைத் திறந்தார். "டீ போடட்டுமா?" என்றுதான் வந்தது.

அதற்கு இரண்டு நாள் கழித்து, வியாழக்கிழமை மதியம், பார்சல்காரர் அழைப்புமணியை அடித்தார். பீப்பாய் கூடத்திலிருந்து குரைத்தது. ஓட்டுநர் பக்கத்தில் படுத்திருந்த கொசுறு, நானும் வருகிறேன் என்று கட்டிலிலிருந்து பாய்ந்தது. ஒரே ஒரு கத்தல். அவர் எழுந்து பார்த்தபோது அது முன்னங்கால்களில் நின்றுகொண்டிருந்தது. பின்னங்கால்கள் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, யாருடையவோபோல ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தன.

மனைவிக்குப் போன் செய்தார். "கொசுறு நடக்க மாட்டேங்குது."

"ஏன்? என்ன ஆச்சு?"

"தெரியல. கூண்டைத் திறந்தேன், இப்படித்தான் இருந்துச்சு."

இதைச் சொல்ல வேண்டும் என்று அவர் திட்டமிடவில்லை. நாக்கு முந்திக்கொண்டது. அதன் பிறகு அதை விழுங்க முடியவில்லை.

டாக்டரம்மா குட்டை முடி வைத்த, வார்த்தையைச் சிக்கனமாகச் செலவு செய்கிற பெண். கொசுறை மேசையில் நிறுத்தி, பின்னங்கால் பாதத்தை மடக்கி வைத்துப் பார்த்தார். மடக்கியது மடக்கியபடியே இருந்தது. விரலைக் கிள்ளினார். கொசுறு தலையைத் திருப்பி முறைத்தது.

"உணர்ச்சி இருக்கு. நல்லது. எங்கேயாவது குதிச்சாளா?"

"இல்ல டாக்டர்" என்றார் கண்ணாடியம்மா உடனே. "கட்டில்ல ஏத்தறதே இல்ல. சோபாவுக்குக்கூடப் பலகை வச்சு ஏறுற மாதிரி பண்ணியிருக்கேன்."

"நிச்சயமா?"

"நிச்சயமா. இவர்தான் மொதல்லயே சொல்லிட்டார், கட்டில் பக்கமே வரக்கூடாதுன்னு."

டாக்டரம்மா கொஞ்சம் யோசித்தார். "இந்த மாதிரி நீள முதுகு நாய்க்குக் குதிக்கிறப்போ முதுகெலும்புக்கு நடுவுல இருக்கற டிஸ்க் பிதுங்கும். குதிக்கவே இல்லைன்னா நான் வேற காரணமும் தேடணும். மயக்கம் கொடுத்து முதுகுத்தண்டுலேர்ந்து நீர் எடுத்துப் பார்க்கலாம். சின்ன உடம்பு, மயக்கம் கொடுக்கறதும் லேசு இல்ல. ஆனா காரணம் தெரியாம—"

"வேண்டாம் டாக்டர்" என்றார் ஓட்டுநர். "குதிச்சா. கட்டில்லேர்ந்து."

கண்ணாடியம்மா அவரைத் திரும்பிப் பார்த்தார். "எந்தக் கட்டில்?"

"நம்ம கட்டில்தான்."

"அது மேல எப்படி ஏறுனா?"

"நான்தான் தூக்கி விட்டேன். மதியம் மதியம். தினமும்."

டாக்டரம்மா கையுறையைக் கழற்றினார். "இப்பவாவது சொன்னீங்களே. ஆறு வாரம் கூண்டு. வெளிக்குப் போக மட்டும் தூக்கிட்டுப் போங்க, இடுப்புக்குக் கீழே துண்டு கொடுத்துத் தாங்கிப் பிடிங்க. ஓட்டம், படி, மடி, கட்டில் எதுவும் கிடையாது. வலிக்கு மருந்து எழுதறேன். கால் இன்னும் மோசமானா உடனே கூட்டிட்டு வாங்க, ஆபரேஷன் பார்ப்போம். இல்லைன்னா கூண்டுதான் மருந்து."

கண்ணாடியம்மா வீட்டுக்கு வந்து கொசுறைக் கூண்டில் படுக்கவைத்து, மருந்தை ரொட்டித்துண்டில் பொதிந்து கொடுத்து, கையைக் கழுவிவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நாய் கட்டில்ல படுத்ததுக்கு எனக்குக் கோபமில்ல. ஒரு மாசமா நான் தரையில உக்காந்து விரலை உள்ள விட்டுட்டு இருக்கேன். நீங்க அதைப் பார்த்துட்டே படுத்திருந்தீங்க. அதுதான் என்னால தாங்க முடியல."

ஓட்டுநர் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். சைக்கிளை, காலை, மெத்தையை. அந்தப் பெண் விழுந்த சத்தம் எப்படி இருந்தது என்பதை. சொல்லி முடிக்க நெடுநேரம் ஆனது. அவருக்குக் கோர்வையாகப் பேச வராது. எந்த நிறுத்தத்தில் யார் இறங்கினார்கள் என்பது வரைக்கும் சொல்லிக்கொண்டு போனார்.

அவர் எதிர்பார்த்தது ஒன்று, கண்ணாடியம்மா கேட்டது வேறு.

"நேத்து எத்தனை மணி நேரம் தூங்குனீங்க?"

"ராத்திரி ரெண்டு. மதியம் ரெண்டரை."

"மதியம் அவ பக்கத்துல இருந்ததால."

"ம்."

"இனிமே ஆறு வாரம் அவ கூண்டை விட்டு வர மாட்டா. அப்போ ரெண்டு மணி நேரத் தூக்கத்தோட நாளைக்கு வண்டி எடுப்பீங்களா?"

ஓட்டுநர் திரும்பிக் கூண்டைப் பார்த்தார்.

"டிப்போவுல சொல்லுங்க."

"சொன்னா வண்டியை விட்டு இறக்கிடுவாங்க."

"இறக்கட்டும்" என்றார் கண்ணாடியம்மா. "நாய் வந்த அன்னிக்கு அறுபது பேருன்னு நீங்கதானே சொன்னீங்க."

மறுநாள் அவர் வழக்கம்போலக் கிளம்பினார். ஆனால் வண்டிப் பக்கம் போகாமல் நேராக மேலாளர் அறைக்குப் போனார். மேலாளர் இருபது வருடம் ஸ்டியரிங் பிடித்துவிட்டு மேசைக்கு வந்தவர். முழுக்கக் கேட்டுவிட்டு, "எத்தனை நாளா?" என்றார். "நாலு மாசம் ஆகப்போகுது." மேலாளர் அட்டவணையில் அவர் பேரை அடித்துவிட்டு வேறு ஒருவரை எழுதினார். "டாக்டரைப் பாருங்க. அதுவரைக்கும் நேரக் காப்பாளர் ஆபீஸ்ல உக்காருங்க. நானும் ஒரு தடவை தூக்கமில்லாததைச் சொல்லாம வண்டி எடுத்தேன். மோதினது வெறும் சுவர்ல, அதனால தப்பிச்சேன்."

டிப்போவில் செய்தி பரவ அரைநாள் போதுமாக இருந்தது. "நாய்க்கு முதுகு போச்சு, இவருக்குத் தூக்கம் போச்சாம்" என்று ஒருவர் சொல்லிச் சிரித்தார். ஆனால் மதியம் இரண்டு பேர் தனித்தனியாக அவர் மேசைக்கு வந்து, எந்த டாக்டரைப் பார்க்கிறீர்கள் என்று மெதுவாகக் கேட்டுவிட்டுப் போனார்கள்.

அந்த ஆறு வாரமும் எளிதாகப் போகவில்லை. கொசுறை ஒரு நாளைக்கு ஐந்து முறை மூன்று மாடி இறக்கி ஏற்ற வேண்டும். ஓட்டுநருக்கு இப்போது ஒன்பதிலிருந்து ஐந்து வரை வேலை. அதனால் மதியம் வீட்டில் ஆள் இல்லை. கண்ணாடியம்மா முதலாளியிடம் கேட்டு, சாப்பாட்டு நேரத்தில் சைக்கிளில் வீட்டுக்கு வந்து போனார். அழும் நாயை அழும்போது கவனித்தால் அழுகை வளரும். கவனிக்காவிட்டால் கம்பியைப் பிறாண்டி முதுகைக் கெடுத்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே ஒரு வழியை அவர்களே கண்டுபிடித்தார்கள். அழுகை நிற்கும் ஒவ்வொரு முறையும், நின்ற அந்த நொடியில், வேகவைத்த கேரட் ஒரு துண்டு. முதல் வாரம் ஒரு நாளைக்கு ஒரு கிலோ கேரட் ஆனது. அதில் பாதி பீப்பாயின் வயிற்றுக்குப் போனது. அது அழாமலேயே வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

கட்டிலை ஓட்டுநர் டாக்டரம்மாவிடம் போய் வந்த அன்றே கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டார். மெத்தையைத் தரையில் போட்டு, கூண்டை அதன் ஓரமாக ஒட்டி வைத்தார். கொசுறு கம்பிக்கு அந்தப் பக்கம் முதுகைச் சாய்க்கும். அவர் இந்தப் பக்கம் கையை வைத்துக்கொள்வார். தூக்கம் உடனே வந்துவிடவில்லை. மேலாளர் சொன்னபடி அவர் போய்ப் பார்த்த டாக்டர், மருந்து கொடுத்ததைவிட அதிகமாகப் பேச வைத்தார். வாரம் ஒருமுறை போய் அந்த பிரேக்கைப் பற்றியே பேசிவிட்டு வந்தார். நாலாவது வாரம் ஓர் இரவு நாலு மணி நேரம் தொடர்ந்து தூங்கினார். மறுநாள் மறுபடி கால் அழுத்தியது. பிறகு இரண்டு நாள் அழுத்தவில்லை.

கண்ணாடியம்மாவின் கோபமும் அப்படித்தான், கூடிக் குறைந்தது. முதல் இரண்டு வாரம் அவர் கணவரோடு நேராகப் பேசவே இல்லை. "பீப்பாய், மருந்து கொடுத்தாச்சான்னு உங்கப்பாவைக் கேளு" என்பார். "கொடுத்தாச்சுன்னு சொல்லுடா" என்பார் ஓட்டுநர். பீப்பாய் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, யாரிடம் கேரட் இருக்கிறதோ அவர் பக்கம் போய் நிற்கும். ஒருநாள் அது தூங்கிவிட்டது. பேச ஆளில்லாமல் கண்ணாடியம்மா, "பால் பொங்குது, அடுப்பைப் பாருங்க" என்று நேராகவே சொல்லிவிட்டார். அதோடு அந்த ஏற்பாடு முடிந்தது.

ஆறு வாரம் முடிந்து டாக்டரம்மா ரப்பர் விரிப்பில் கொசுறை நடக்க விட்டார். நடந்தது. இடது பின்னங்கால் கொஞ்சம் இழுத்தது. எப்போதும் அப்படித்தான் இருக்கும் என்றார்.

"பகல்ல ஆள் இல்லாதப்போ கூண்டு. மூணு, நாலு மணி நேரம், அதுக்கு மேல வேண்டாம்."

"ராத்திரி?" என்று கேட்டார் கண்ணாடியம்மா.

"அது உங்க வீட்டு விஷயம். உயரம் மட்டும் கூடாது."

வீட்டுக்கு வந்து இருவரும் உட்கார்ந்து பேசினார்கள். நாயோடு படுத்தால் தன் தூக்கம் கெடும் என்றார் கண்ணாடியம்மா. கெட்டால் லென்ஸும் கெடும். நாய் இல்லாமல் படுக்கவும் இப்போது பழகிவிட்டது என்றார் ஓட்டுநர். அதில் பாதி உண்மை. கடைசியில் மெத்தை தரையிலேயே இருக்கட்டும், கூண்டின் கதவைத் திறந்தே வைப்போம், அவள் இஷ்டம் என்று முடிவானது. முதல் வாரம் கொசுறு மெத்தையில் இருவருக்கும் நடுவே குறுக்காகப் படுத்து, இத்தனை சின்ன உடம்பு இவ்வளவு இடத்தை எப்படி அடைக்கும் என்று இருவரையும் வியக்க வைத்தது. பிறகு தானாகவே பாதி இரவு மெத்தை, பாதி இரவு கூண்டு என்று ஆக்கிக்கொண்டது. கண்ணாடியம்மா மெத்தையில் தன் பக்கத்துக்கு ஒரு நீளத் தலையணையை வேலி மாதிரி வைத்துக்கொண்டார். அதைத் தாண்ட அதற்கு உரிமை இல்லை. தாண்டவும் இல்லை, பெரும்பாலும்.

மூன்று மாதம் கழித்து ஓட்டுநரை மறுபடி வண்டியில் ஏற்றினார்கள். முதல் வண்டி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து, காலை பத்து மணி வண்டியை வாங்கிக்கொண்டார். இப்போது சராசரியாக ஐந்தரை மணி நேரம் தூங்குகிறார். தூக்கம் கெட்ட நாட்களில் டிப்போவுக்குப் போன் செய்து சொல்லிவிடுகிறார். இதுவரை இரண்டு முறை.

விடுமுறைக்கு வந்த மகள் படுக்கையறைக் கதவைத் திறந்ததும் திகைத்து நின்றாள். "கட்டில் எங்கேம்மா? ஏன் தரையில படுக்கறீங்க?"

"எல்லாம் கொசுறாலதான்" என்று தொடங்கினார் கண்ணாடியம்மா.

"இல்ல" என்றார் ஓட்டுநர். கையில் இருந்த டீயைக் கீழே வைத்துவிட்டு, மகளை உட்காரச் சொன்னார். "அதுக்கு முன்னாடி ஒண்ணு நடந்துச்சு. நான் சொல்றேன்."

மகள் உட்கார்ந்தாள். அவர் சைக்கிள்காரரிலிருந்து ஆரம்பித்தார்.